கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் தலைவலி, தலைசுற்றல்: காரணம் தேடுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கண் பரிசோதித்து பவர் எழுதித் தருவது என் வேலை. "சிஸ்டம் முன்னாடி உட்கார்ந்தா தலை வலிக்குது, சில நாள் தலையும் சுத்துது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நாளுக்கு நாள் கூடுகிறார்கள். அவர்களில் சிலருக்குக் கண்ணாடி மாற்றினாலே போதும். மற்றவர்களுக்குக் காரணம் கழுத்திலோ காதிலோ ரத்தத்திலோ அறை விளக்கிலோ இருக்கிறது. சில சமயம் திரையிலேயே இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். இது மருத்துவரைப் பார்ப்பதற்கு மாற்று ஆகாது. எந்த மருத்துவரிடம் போவது, போய் என்ன சொல்வது என்பதற்கு உதவும்.

கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாதான் வலி வருது. அப்ப கம்ப்யூட்டர்தானே காரணம்?

இருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது பல விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. கண் 50, 60 செ.மீ. தூரத்தில் மணிக்கணக்காகக் குவிந்து நிற்கிறது. இமைப்பது குறைகிறது. கழுத்து ஒரே நிலையில் இறுகுகிறது. தண்ணீர் குடிக்க மறந்துபோகிறோம், மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போகிறது. ஜன்னல் மூடிய அறை, தலைக்கு மேல் விளக்கு, முகத்துக்கு நேராக ஏசி. இவற்றில் எது வலியைக் கிளப்புகிறது என்று பிரித்துப் பார்க்காமல் மானிட்டரை மட்டும் மாற்றினால் பணம் போகும், வலி இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தலைவலியும் தலைசுற்றலும் ஒன்றாக வருவதால் இரண்டுக்கும் ஒரே காரணம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணாடி பவர் தவறாக இருந்து தலைவலியும், ரத்தசோகையால் தலைசுற்றலும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் கடுமையான தலைவலி. முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் ஒரு பக்கம் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, பேச்சு குழறுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடக்க முடியாத அளவு தள்ளாடுவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. இவற்றில் எது வந்தாலும் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இந்தியாவில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் அழைக்கலாம்.

கண் சிவந்து, உள்ளே அழுத்துவதுபோல் வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். ஒரு நாள் தாமதித்தாலும் பார்வையைப் பறிக்கக்கூடியது அது. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலி, கர்ப்ப காலத்தில் புதிதாக வரும் தலைவலி, இருமினாலோ குனிந்தாலோ கூடும் தலைவலி, குனிந்து நிமிரும்போது சில நொடி பார்வை மங்குவது ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, அவசரம் எதுவும் இல்ல. எங்கிருந்து தேட ஆரம்பிக்கிறது?

ஒரு நோட்டிலிருந்து. இரண்டு வாரம் எழுதுங்கள்: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, அப்போது திரை முன் உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, தலையில் எந்த இடம், எந்தத் திரை, எந்த அறை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். வலி வராத நாட்களையும் எழுதுங்கள். பலர் வலித்த நாளை மட்டும் எழுதுகிறார்கள். வலிக்காத நாளில் எது மாறியிருந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கும்.

தொடங்கும் நேரமே நிறையச் சொல்லும். உட்கார்ந்த ஐந்து பத்து நிமிடத்தில் தொடங்கினால் திரையின் மினுமினுப்பு, நகரும் காட்சி, அறையின் விளக்கு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ கனத்தால் கண்ணின் குவியும் வேலை. பின்மண்டையில் தொடங்கி முன்னால் ஏறினால் கழுத்து. தூங்கி எழும்போதே வலித்தால் திரையை விட்டுவிட்டு ரத்த அழுத்தம், குறட்டை, தூக்கத்தில் பல் கடிப்பது என்று வேறு பக்கம் பாருங்கள்.

அப்புறம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அதே வேலையை அதே நாற்காலியில் அச்சடித்த தாளில் ஒரு மணி நேரம் செய்யுங்கள். வலி வந்தால் திரை குற்றவாளி இல்லை. அதே லேப்டாப்பை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். அதே அறையில் வேறு திரையைப் பாருங்கள். ஒரே நாளில் நாற்காலி, கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

தலைசுத்தல்னு சொன்னா டாக்டர் "எப்படிச் சுத்துது"ன்னு கேக்கறார். எப்படிச் சொல்றது?

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னால் பாதி பரிசோதனை முடிந்த மாதிரி. அறையே சுழல்வதுபோல் இருந்தால் பெரும்பாலும் உள்காது சம்பந்தப்பட்டது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டி, விழுந்துவிடுவோமோ என்று இருந்தால் ரத்த அழுத்தம், ரத்தசோகை, பட்டினி, தண்ணீர்க் குறைவு. தரை மிதப்பதுபோல், படகில் நிற்பதுபோல் நாள் முழுக்க இருந்தால் அது மூன்றாவது வகை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படுக்கையில் புரளும்போது அல்லது அண்ணாந்து பார்க்கும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுழன்று நின்றுவிடுகிறதா? உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வருவது அது. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிவைத்தே சரிசெய்துவிடுவார். திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கூடவே காது மந்தம், காதில் இரைச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கண் செக் பண்ணியாச்சு, பவர் இல்லைன்னுட்டாங்க. அப்புறமும் கண்ணால வருமா?

வரும். எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். தூரத்துச் சுவரில் இருக்கும் கடைசி வரிவரை படித்துவிட்டால் "கண் நார்மல்" என்று அனுப்பிவிடுகிறார்கள். திரையைப் பார்க்கும் வேலை தூரத்தில் நடப்பதில்லை. அருகில் பார்க்க இரண்டு வேலைகள் நடக்க வேண்டும்: உள்ளே இருக்கும் லென்ஸ் தடித்துக் குவிய வேண்டும், இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பி ஒரே புள்ளியில் சேர வேண்டும். இதில் எது பலவீனமாக இருந்தாலும் தூரப் பார்வை அப்பழுக்கில்லாமல் இருக்கும், ஆனால் மாலைக்குள் தலை கனக்கும், வரிகள் தாவும், எழுத்து மங்கி மங்கித் தெளியும்.

மறைந்திருக்கும் பிளஸ் பவரும் (அருகில் பார்க்கக் கண் கூடுதலாக உழைக்க வேண்டிய குறை) இப்படித்தான். இள வயதில் கண் தசை தானே சமாளித்துக்கொள்வதால் சாதாரணச் சோதனையில் வெளியே தெரியாது. சொட்டு மருந்து போட்டுத் தசையைத் தளர்த்திப் பார்த்தால் வெளிவரும். கண்கள் உள்பக்கம் சேர்வதில் குறை இருப்பதும் அபூர்வம் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2017ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இரு கண்களும் சேர்ந்து வேலை செய்வதில் ஏதோ ஒரு குறை இருந்தது. அதில் முதலிடம் இந்தச் சேர்க்கைக் குறைக்குத்தான்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். பேனா முனையைக் கைநீளத்திலிருந்து மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். கண்ணிலிருந்து 10 செ.மீ. தூரத்தை எட்டும் முன்பே அது இரண்டாகப் பிரிந்தால் சந்தேகப்படலாம். மற்றது, வலி வழக்கமாக வரும் வேலையைச் செய்யும்போது ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு இருபது நிமிடம் பாருங்கள். ஒரு கண்ணால் பார்ப்பது தெளிவாகச் சுகமாக இருந்தால், இரு கண்களின் ஒத்துழைப்பில்தான் சிக்கல். "பைனாகுலர் விஷன் டெஸ்ட் செய்யணும்" என்று கேட்டுப் போங்கள். வெறும் "கண் செக்கப்" என்றால் மறுபடி சுவர் எழுத்தையே காட்டுவார்கள். இதற்குக் கண் பயிற்சி இருக்கிறது. 2008ல் அமெரிக்காவில் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வில், வீட்டில் பென்சிலைப் பார்த்துச் செய்யும் பயிற்சியைவிட, மையத்துக்குப் போய் மேற்பார்வையில் செய்த பயிற்சி நன்றாகப் பலன் தந்தது.

புதுக் கண்ணாடி போட்ட நாள்ல இருந்துதான் இது ஆரம்பிச்சுது. பழகிடும்னு கடையில சொல்றாங்க. பழகுமா?

பவர் மாறியிருந்தால், முக்கியமாக சிலிண்டர் பவர் (ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தேவைப்படும் பவர்) மாறியிருந்தால், ஒன்றிரண்டு வாரம் தரை சாய்ந்ததுபோல் தெரிவது சகஜம். அதற்குப் பிறகும் இருந்தால் காத்திருப்பதில் பலனில்லை. கண்ணாடியையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் லென்ஸ் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று: பவர் சீட்டில் உள்ளபடி இருக்கிறதா, சிலிண்டரின் கோணம் சரியா, லென்ஸின் நடுப்புள்ளி உங்கள் கண் பாப்பாவுக்கு நேரே இருக்கிறதா. மூன்றாவதுதான் அதிகம் தவறுகிறது. 4 பவர் உள்ள லென்ஸில் நடுப்புள்ளி 5 மி.மீ. தள்ளிப்போனால் 2 அளவுக்குப் பிரிசம் விளைவு, அதாவது உருவத்தை இடம் தள்ளிக் காட்டும் விளைவு, வந்துவிடும். அதைச் சமாளிக்கக் கண் தசை நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். இணையத்தில் ஃப்ரேம் வாங்கி, இரு கண் பாப்பாக்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் போட்டோவில் தோராயமாக அளந்து கொடுத்தவர்கள் இதை முதலில் சரிபாருங்கள்.

நாற்பத்தஞ்சு வயசாச்சு. புரோக்ரெசிவ் கண்ணாடி. சிஸ்டம் பார்த்தா கழுத்து பிடிக்குது, தலையும் வலிக்குது.

வெள்ளெழுத்துக்காகப் போடும் புரோக்ரெசிவ் லென்ஸில் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி படிப்பதற்கு. கம்ப்யூட்டர் தூரத்துக்கான பட்டை இரண்டுக்கும் நடுவில் குறுகலாக இருக்கிறது. மானிட்டர் உயரமாக இருந்தால் அந்தப் பட்டையைப் பிடிக்க மோவாயைத் தூக்குவீர்கள். பின்கழுத்து மடங்கியே இருக்கும். நாள் முடிவில் வலி.

முதலில் மானிட்டரைத் தாழ்த்துங்கள். மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு நன்றாகக் கீழே வரட்டும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் திரை வேலை என்றால், திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, அந்தத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லாமல் பலருக்குத் தீர்ந்துபோகும் விஷயம் இது.

கண் எரியுது, மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, அப்புறம் தலை வலிக்குது.

கண் காய்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவைபோல் இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. ஏசி காற்று முகத்தில் படாமல் திருப்புங்கள், திரையைச் சற்றுத் தாழ்த்துங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு மீட்டருக்கு அப்பால் பார்வையை ஓட்டி முழுதாக இமையுங்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போடலாம். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து போடாதீர்கள், நிறுத்தியதும் கண் முன்னைவிடச் சிவக்கும்.

ப்ளூ கட் கண்ணாடி வாங்கினா சரியாயிடுமா?

ஆகாது. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023ல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, நீல ஒளி தடுக்கும் லென்ஸ் குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. அந்தப் பணத்தில் மேலே சொன்ன பைனாகுலர் விஷன் சோதனையைச் செய்துகொள்ளலாம்.

பழைய லேப்டாப்புல எட்டு மணி நேரம் உட்காருவேன், ஒண்ணும் ஆகாது. புதுசு வாங்கினதுல இருந்து பத்து நிமிஷத்துல தலை வலிக்குது. கற்பனைன்னு சொல்றாங்க.

கற்பனை என்று ஒதுக்க மாட்டேன். பல திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கின்றன: விளக்கை நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்து ஏற்றுவது. அணைந்திருக்கும் நேரம் கூடினால் திரை மங்கலாகத் தெரியும். ஓஎல்இடி போன்கள் பலவற்றில் இது நொடிக்கு 240 தடவை என்ற அளவில் இருந்திருக்கிறது. கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத மினுமினுப்பு தலைவலி தரும் என்பதற்கு டியூப்லைட்டில் நல்ல ஆதாரம் உண்டு. 1989ல் இங்கிலாந்தில் அலுவலகம் ஒன்றில், நொடிக்கு 100 தடவை மினுமினுக்கும் பழைய சோக் விளக்குகளை மாற்றி, மினுமினுக்காத மின்னணு சோக் விளக்குகளைப் போட்டபோது தலைவலியும் கண் களைப்பும் பாதிக்கும் கீழே இறங்கின. இன்றைய திரைகளைப் பற்றி அந்த அளவு உறுதியான ஆய்வு இல்லை. அதனால் உங்கள் திரையில் நீங்களே சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

வெளிச்சத்தைக் கால்பங்காகக் குறைத்து, திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள். போன் கேமராவை கைமுறை அமைப்புக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை நொடியில் 2000ல் ஒரு பங்குக்குக் கொண்டுபோய் அந்தத் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் மினுமினுப்பு இருக்கிறது. வெளிச்சத்தை முழுதாக ஏற்றியதும் பட்டைகள் மறைந்தால், வெளிச்சத்தை ஏற்றியே வைத்து வேலை செய்து பாருங்கள். கண் கூசினால் அறை விளக்கைக் கூட்டுங்கள், அல்லது மென்பொருளால் வெள்ளையை மங்கச் செய்யும் வசதியைப் போடுங்கள். சில போன்களில் டிசி டிம்மிங் (அணைத்து ஏற்றாமலே வெளிச்சத்தைக் குறைப்பது) என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் முயலலாம். மாற்றுவதற்கு அவகாசம் இருக்கும்போதே, அதாவது வாங்கிய முதல் வாரத்திலேயே, இதைச் செய்துவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பட்டை தெரிவதால் மட்டுமே அதுதான் காரணம் என்றாகாது. வெளிச்சத்தை மாற்றும்போது வலியும் மாறுகிறதா என்பதுதான் தீர்ப்பு.

வீட்டுல ஒரே ஒரு ரூம்ல மட்டும்தான் வருது. அதே லேப்டாப், அதே நாற்காலி.

அப்படியானால் அறையைச் சோதியுங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறிக்கு மேலே விளக்கு இருக்கிறதா? மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் நொடிக்கு 15 தடவை நிழல் உங்கள் மேசையிலும் திரையிலும் வெட்டிக்கொண்டிருக்கும். மூளையை அதிகம் தொந்தரவு செய்யும் வேகம் ஏறத்தாழ அதுதான். நம் வீடுகளில் இது எங்கும் இருக்கிறது, யாரும் காரணமாக நினைப்பதில்லை. விளக்கைச் சுவருக்கு மாற்றினாலோ மேசையைத் தள்ளிப் போட்டாலோ போதும். விலை மலிவான எல்இடி பல்புகள் சிலவும் மினுமினுக்கும். முந்தைய கேமரா சோதனையை அவற்றுக்கும் செய்யலாம். ஜன்னல், கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

அடுத்து காற்று. ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. மூடிய சிறிய அறையில் இரண்டு பேர் பல மணி நேரம் இருந்தால் மந்தமும் தலைபாரமும் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு இருக்கும் என்று 2003ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. புது பெயின்ட், புது பிளைவுட் மேசை, வாசனைத் தெளிப்பான் ஆகியவற்றையும் கணக்கில் எடுங்கள்.

கரன்ட் போனபோது ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால், வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால், உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அது உயிரைக் கொல்லும். ஜெனரேட்டரை ஜன்னலோரத்திலோ பால்கனியிலோ வைக்கவே கூடாது.

வேகமா ஸ்க்ரோல் பண்ணா குமட்டுது, தலை சுத்துது. வலி இல்ல.

கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காது "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. பேருந்தில் புத்தகம் படித்தால் வரும் குமட்டலின் மறுபக்கம் இது. 2013ல் ஐபோனின் ஐஓஎஸ் 7ல் பெரிதாகிச் சிறிதாகும் அசைவுகள் வந்தபோது பலர் இதே புகாரைச் சொன்னார்கள். அந்த ஆண்டே அசைவைக் குறைக்கும் அமைப்பு அதில் விரிவாக்கப்பட்டது. இன்று விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அனிமேஷனை நிறுத்தும் பொத்தான் அமைப்புகளில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள், சக்கரத்தைச் சுழற்றாமல் பக்கம் பக்கமாகத் தாவிப் படியுங்கள், திரையைச் சற்றுப் பின்னால் தள்ளி அறை விளக்கைப் போடுங்கள். புதிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் காது, ஒற்றைத் தலைவலி இரண்டையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்ததுல கழுத்து எலும்பு தேய்மானம்னு வந்திருக்கு. அதனாலதான் தலைசுத்தலா?

அவசரப்பட்டு நம்பாதீர்கள். வயது ஏற ஏற எந்த வலியும் இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும். நம் ஊரில் தலைசுற்றலோடு போகிறவர்களுக்கு இந்தப் பெயர் சுலபமாக ஒட்டப்பட்டுவிடுகிறது. உள்காதுத் துகள் பிரச்சினை உள்ளவர்கள் கழுத்துப் பட்டையோடு மாதக்கணக்கில் அலைவதைப் பார்க்க மனம் கேட்பதில்லை.

தலைவலியைக் கழுத்து உண்டாக்குவது உண்மைதான். அப்படியானால் கழுத்தை ஒரு பக்கம் திருப்புவது குறைந்திருக்கும், பின்மண்டையின் அடியில் அழுத்தினால் அதே வலி கிளம்பும். லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, தனி கீபோர்டும் மவுஸும் போட்டு ஒரு வாரம் பாருங்கள். கண்ணில் படும்படி வலி குறைந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போவது பயன்தரும். புரோக்ரெசிவ் கண்ணாடிக்காரர்கள் மட்டும் திரையை உயர்த்தக் கூடாது, காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

பிளட் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் எடுக்கணுமா?

முதலில் ரத்த அழுத்தம், உட்கார்ந்தும் எழுந்து நின்றும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால் தலைசுற்றலுக்கு அதுவே காரணமாகலாம். அப்புறம் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு. அசைவம் சாப்பிடாதவர்கள் வைட்டமின் பி12ஐயும் பார்க்கலாம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. பத்து ரூபாய்க் காரணம் இருக்கும்போது பத்தாயிரம் ரூபாய் ஸ்கேனில் தேட வேண்டாம். பல மாதமாக ஒரே மாதிரி வந்துபோகும் வலிக்கு, மருத்துவர் சோதித்து நரம்பியல் குறை எதுவும் இல்லை என்றால், ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. இரண்டாம் பதிலில் சொன்ன அபாய அறிகுறி இருந்தால் நிலைமை வேறு.

மாத்திரை போட்டா அரை மணியில சரியாயிடுது. தினமும் போட்டுட்டு வேலை பாக்கறேன்.

தயவுசெய்து நிறுத்தி யோசியுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்துக்கு 15 நாள், காஃபின் முதலியவை கலந்த கூட்டு மாத்திரையை மாதத்துக்கு 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். அதன் பிறகு மானிட்டர், கண்ணாடி எதை மாற்றினாலும் விடை கிடைக்காது, ஏனென்றால் அடியில் இன்னொரு வலி ஓடிக்கொண்டிருக்கும். நோட்டில் மாத்திரையைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். நிறுத்துவதை மருத்துவரின் துணையோடு செய்யுங்கள், முதல் சில நாள் வலி கூடும்.

காபியும் இதே ரகம். அலுவலகத்தில் நாலு காபி, ஞாயிறு வீட்டில் ஒன்று என்றால், நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கலாம். விடுமுறையில் மட்டும் வலிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வைஃபை ரௌட்டர் பக்கத்துலயே இருக்கு. கதிர்வீச்சா இருக்குமோ?

செல்போன், வைஃபை போன்ற அலைகள் வருகின்றனவா இல்லையா என்று சொல்லாமல் நடத்திய சோதனைகளில், தங்களுக்குப் பாதிப்பு உண்டு என்றவர்களாலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வலி உண்மை, காரணம் வேறு. தேடலை அங்கே செலவழிக்க வேண்டாம்.

வெளிச்சம் பட்டாலே வலி கூடுது, ஸ்க்ரீனைப் பாக்கவே முடியல. ஸ்க்ரீன் வெளிச்சம்தானே காரணம்?

இங்கே காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம். ஒற்றைத் தலைவலி முழுதாக வெடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, வெளிச்சம் கூசுவது எல்லாம் தொடங்கிவிடும். திரை கூசியதால் வலி வந்தது என்று நினைப்போம். வலி வரவிருந்ததால்தான் திரை கூசியது. ஒரு பக்கமாகத் துடிப்பது, குமட்டல், சத்தம் பிடிக்காதது, மாடிப்படி ஏறினால் கூடுவது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதே மாதிரி இருப்பது ஆகியவை இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. தலைவலியே இல்லாமல் தலைசுற்றலாக மட்டும் வரும் வகையும் இதில் உண்டு.

காது, கண், ரத்தம் எல்லாம் பாத்தாச்சு, எல்லாம் நார்மல். மனசுதான் காரணம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

மிதப்பதுபோன்ற தலைசுற்றல் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். காதுக் கோளாறு, காய்ச்சல், கடும் பதற்றம் என்று ஏதோ ஒன்றால் ஒருமுறை தலை சுற்றியிருக்கும். அது சரியான பிறகும் சமநிலையைக் காக்கும் மூளை எச்சரிக்கை நிலையிலேயே நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் தள்ளாட்டம் இருக்கும். நிற்கும்போதும், கூட்டமான கடையிலும், நகரும் திரையைப் பார்க்கும்போதும் கூடும். ஸ்கேனில் எதுவும் தெரியாது. இதற்கான வரையறையை உலக அளவில் காது, சமநிலை மருத்துவர்கள் சேர்ந்து இயங்கும் பாரனி சங்கம் 2017ல் வெளியிட்டது. சமநிலைப் பயிற்சி, சில மருந்துகள், உளவியல் ஆலோசனை என்று சிகிச்சையும் இருக்கிறது. "தலைசுற்றல் கிளினிக்" இருக்கும் பெரிய மருத்துவமனையில் காட்டுங்கள். திரையையும் கடைத்தெருவையும் முழுதாகத் தவிர்த்து வீட்டிலேயே இருப்பது இதை இன்னும் ஊன்றச் செய்யும்.

விளக்கை மாத்தினேன், சரியாச்சு. ரெண்டு வாரத்துல திரும்ப வந்துடுச்சு. அப்ப அது காரணமே இல்லையா?

அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். தலைவலி தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது. மோசமான வாரத்தில் நாம் எதை மாற்றினாலும் அடுத்த வாரம் அது பலித்ததுபோல் தெரியும். அதனால் மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைத்து ஒரு வாரம், மறுபடி மாற்றி ஒரு வாரம் பாருங்கள். இரண்டு சுற்றும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். திரை வெளிச்சம், அனிமேஷன் போன்றவற்றை வீட்டில் வேறு யாராவது உங்களிடம் சொல்லாமல் மாற்றிவைத்து, நீங்கள் வலியை மட்டும் குறித்துவந்தால் இன்னும் நல்லது.

இரண்டு காரணங்கள் சேர்ந்தால்தான் வலி வருகிறது என்பதும் சகஜம். நன்றாகத் தூங்கிய நாளில் அந்த விளக்கு ஒன்றும் செய்யாது. நைட் ஷிஃப்ட் முடித்து, சாப்பிடாமல், அதே விளக்கடியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். வலி திரும்பி வந்த நாட்களின் பக்கத்தைப் புரட்டி, தூக்கத்தின் கட்டத்தையும் சாப்பாட்டின் கட்டத்தையும் முதலில் பாருங்கள். பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அந்த நோட்டையே மருத்துவரின் மேசையில் வையுங்கள். "அடிக்கடி வலிக்குது டாக்டர்" என்று சொல்வதைவிட அது அவருக்கு நிறையச் சொல்லும்.